நாலுகுழி ஆட்டமும் விதி தெரிந்த நால்வரும்

புளியரங்குளத்தில் தபாலாபீஸ் உண்டு, ரேஷன் கடை உண்டு, ஏடிஎம்கூட உண்டு. புத்தி மட்டும் கிடையாது. இல்லையே என்று அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்பட்டதும் கிடையாது. வருத்தப்படவும் அது கொஞ்சம் வேண்டுமல்லவா.

அந்த ஊர் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர் மாசானமுத்து. உரக்கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. சித்தப்பா முறை ஆனவர்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். யார் எதைக் கேட்டாலும் நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஊரார் அவரை அறிவாளி என்று முடிவுகட்டினார்கள். உள்ளே ஏதாவது ஓடுகிறதா என்று யாரும் திறந்து பார்த்ததில்லை.

மாசானமுத்துவுக்கோ தன்னைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் மண்டூகங்கள் என்பதில் துளி சந்தேகம் கிடையாது. அவர் நினைத்தது சரிதான். கணக்கில் ஓர் ஆளை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு ஒருநாள் ஜெயசிங் சார் வந்தார். நாகர்கோவில் பக்கத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய கிளப்புகளில் மேசைமேல் பந்தை வைத்துக் கோலால் அடித்து ஆடுகிறார்களே, அதைச் சாதாரண ஜனங்களும் ஆடும்படி எளிமையாக்கி ஒரு புது ஆட்டம் உண்டாக்கியிருந்தார். பெயர் நாலுகுழி. பச்சைத் துணி ஒட்டிய மரமேசை, மூலைக்கொன்றாக நாலு குழி, சிவப்பும் மஞ்சளுமாக மரப்பந்துகள், எல்லாவற்றையும் தள்ளிவிட ஒரு வெள்ளைப் பந்து. சொந்தக் கையால் இழைத்த மேசை அது. லாரியில் ஏற்றி இறக்கும்போது கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார்.

மேசையை இனாமாகக் கொடுக்கத்தான் வந்திருந்தார். யாருக்கு என்பதில் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். மன்றத்தில் நாலு பேர் விதி தெரிந்து ஒழுங்காக ஆடினால் மேசை புளியரங்குளத்துக்கே. இல்லையென்றால் வேப்பங்கரை மன்றத்துக்கு.

வேப்பங்கரைக்கு மட்டும் மேசை போகக் கூடாது என்று மாசானமுத்து அப்போதே தீர்மானித்துவிட்டார். அந்த ஊர் மன்றத்தின் செயலாளர் உலகநாதன். மாசானமுத்துவின் மனைவி பேச்சிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமனார் வீட்டுக்குப் போனால், உலகநாதன் புதிதாக எதையாவது வாங்கி வைத்துக்கொண்டு, "அத்தான், இதப் பாத்தீங்களா?" என்று ஆரம்பிப்பான். மோட்டார், டிராக்டர், சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. மாசானமுத்து தலையைக் குனிந்துகொண்டு பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வருவார். இந்த மேசையும் அங்கே போய்விட்டால் ஆயுசுக்கும் குனிந்த தலை நிமிராது. போதாததற்கு, மேசை வருகிற சேதி கேட்டதும், அது நமக்குத்தான் என்று பேச்சியிடம் முந்தின நாளே பீற்றியும் இருந்தார்.

ஆட்டத்துக்கு நாலு பேர் தேறினார்கள். செயலாளர் என்ற முறையில் மாசானமுத்து. அவரோடு ஜோடியாகப் பலவேசம். எதிரணியில் சொரிமுத்து, வண்டிமலையான். இவர்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், மன்றத்தில் நாற்காலி நாலுதான் இருந்தது. காலையிலேயே வந்து அதில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இவர்கள்.

ஜெயசிங் சார் பொறுமையாக விளக்கினார். ஓர் அணிக்குச் சிவப்பு, ஓர் அணிக்கு மஞ்சள். கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு தன் நிறப் பந்தைக் குழியில் தள்ள வேண்டும். அவரவர் முறை வந்தால்தான் அடிக்கலாம். முறை தவறி அடித்தால் தப்பாட்டம். வெள்ளைப் பந்து குழியில் விழுந்தாலும் தப்பாட்டம். அப்போது எதிராளி அதைக் கையில் எடுத்துத் தன் இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மேசையை விட்டு வெளியே குதித்த பந்து செத்த பந்து. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். மேசைமேல் ஏறிப் படுக்கக் கூடாது.

நாலு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் புளியரங்குளத்தாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்ற வாத்தியார், தலையாட்டுவதை நம்பலாமா? நம்பினார்.

பஸ் ஏறும்போது மாசானமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விதி தெரியாத ஆளு கோலைத் தொடக் கூடாது. நாலு பேருக்கும் விதி நல்லாப் புரிஞ்சிருக்கான்னு நீங்கதான் உறுதி பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே கூட்டம் கூடியது.

"சார் கடைசியா என்ன சொன்னாரு?" என்று மாசானமுத்து ஆரம்பித்தார்.

"டீ நல்லா இருந்துச்சுன்னாரு" என்றார் பலவேசம்.

"அதுக்கு அப்புறம்."

"விதி தெரியணும்னாரு."

சொரிமுத்து பெருமூச்சு விட்டார். "நம்ம விதி நமக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? தெரிஞ்சிருந்தா நான் இந்த ஊர்ல பொறந்திருப்பேனா?"

மாசானமுத்து கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. "ம்" வந்தது. "அதைச் சொல்லுததுக்குத்தானே ஆளு இருக்காரு. எல்லாரும் வீட்டுக்குப் போயி ஜாதகத்தை எடுத்துட்டு வாங்க" என்றார். அந்த யோசனை வேறு யாருக்குமே தோன்றவில்லை என்பதை நினைத்து அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஜோசியர் சங்குமணி அன்று முழுக்க நாலு ஜாதகங்களையும் பார்த்தார். பலவேசத்தின் ஜாதகத்தைக் கரையான் அரித்துவிட்டதால் அவர் தன் அண்ணன் ஜாதகத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒரே வீட்டுக்காரர்கள்தானே, பெரிதாக என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது. இந்த ஜாதகக்காரர் கடல் கடந்து போவார் என்றார் ஜோசியர். பலவேசத்தின் அண்ணன் ஏற்கெனவே துபாயில்தான் இருந்தார். சொன்ன வாய் மூடுமுன் பலித்துவிட்டதே என்று நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாசானமுத்துவுக்கு நாக்கால் கேடு. சொரிமுத்துவுக்குத் தண்ணீரில் கண்டம். வண்டிமலையானுக்கு இரண்டு தாரம்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் மன்றத்தில் பாடம் நடந்தது. புரிந்திருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டியது செயலாளரின் பொறுப்பு. மாசானமுத்து ஒவ்வொருவராக எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"வண்டிமலையான், ஒமக்கு என்ன விதி?"

"ரெண்டு தாரம் அண்ணாச்சி."

"நல்லாப் புரிஞ்சிட்டா?"

"எனக்குப் புரிஞ்சிட்டு. வீட்லதான் புரிய மாட்டேங்கு" என்றார் வண்டிமலையான். அவர் கன்னம் பணியாரம் போல வீங்கியிருந்தது. விளக்குமாற்றின் ஈர்க்குச்சி ஒன்று இன்னும் தலைமுடியில் செருகிக்கொண்டு நின்றது.

விதி முடிந்ததும் அடுத்தது முறை. யாருக்கு யார் என்ன முறை என்பதைத் தீர்த்துக்கொள்ளாமல் யாரும் யாரையும் அடிக்க முடியாது என்று மாசானமுத்து தெளிவாகச் சொல்லிவிட்டார். இதில் நிறையச் சிக்கல் இருந்தது. சொரிமுத்து அவருக்குச் சித்தப்பா முறை. அப்பன் ஸ்தானத்தில் இருப்பவரை அடித்தால் பாவம். வண்டிமலையானும் பலவேசமும் அண்ணன் தம்பி முறை. அடித்தால் கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கும். சித்தப்பாவுக்கும் வண்டிமலையானுக்கும் என்ன முறை என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கே பிடிபடவில்லை. கடைசியில் மாசானமுத்துவும் பலவேசமும் மாமன் மகன், அத்தை மகன் என்று கண்டுபிடித்தார்கள்.

"மச்சான் முறை. கேலி பண்ணலாம், அடிக்கலாம், கேக்கதுக்கு ஆளில்லை" என்று சொரிமுத்து தீர்ப்புச் சொன்னார்.

பலவேசம் கோலை எடுத்தார். சுழற்றி மாசானமுத்துவின் தோளில் ஒன்று வைத்தார். மாசானமுத்துவுக்குக் கண்ணில் பொறி பறந்தது. ஆனாலும் முறைப்படி விழுந்த அடி. எதிர்த்துப் பேச வழியில்லை. தன் முறை வந்ததும் அவரும் பலவேசத்தின் முதுகில் ஒன்று வைத்தார். இப்படி இரண்டு பேரும் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்தார்கள். மற்ற இரண்டு பேரும் கைதட்டினார்கள். வீட்டில் பேச்சி முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, இது என்ன விளையாட்டு என்று கேட்டாள். பொம்பளைகளுக்குச் சொன்னால் புரியாது என்றார் மாசானமுத்து. இதுவரை அவருக்குப் புரிந்திருந்த லட்சணம் அவர் முதுகில் நீலமாகத் தெரிந்தது.

மறுநாள் வண்டிமலையானுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். அப்படியானால் இந்தப் பந்துகள் எதற்கு என்று கேட்டார்.

இப்படிக் குதர்க்கமாகக் கேட்கிற பழக்கம் ஆட்டத்துக்கு ஆகாது என்று மாசானமுத்து நினைத்துக்கொண்டார். இருந்தாலும் வாத்தியார் பந்தைப் பற்றியும் ஏதோ சொன்ன ஞாபகம் இருந்தது. அதனால் பந்தையும் அடிப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

அதற்கு முன்னால் கால் விஷயம். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும் என்றால், இரண்டாவது கால் இருக்கக் கூடாது என்றுதானே அர்த்தம்? நாலு பேரும் கொக்கு மாதிரி நின்று பழகினார்கள். எப்போதும் என்று சார் சொல்லியிருந்ததால், பலவேசம் ராத்திரி தூங்கும்போதும் ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டுத் தரையில் ஊன்றிக்கொண்டார். எறும்பு கடித்தது. விதி தெரிந்தவர் எறும்புக்குப் பயப்படலாமா?

தப்பாட்டம் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஆளைத் தேடி ஓடினால் ஜெயசிங் சார் என்ன நினைப்பார்? அதனால் மாசானமுத்து முன்யோசனையாகப் பக்கத்து ஊர்த் தப்பாட்டக் கலைக்குழுவுக்குச் சொல்லி அனுப்பினார். கல்லூரி விழாக்களில் ஆடிப் பேர் வாங்கிய குழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தப்புகளோடு வந்து மன்றத்து வாசலில் காத்திருக்க ஒத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பலவேசம் முதன்முதலாக வெள்ளைப் பந்தை அடித்தார். அது எந்தப் பந்தையும் தொடாமல், மானம் மரியாதை பார்க்காமல் நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

"எதிராளி எடுத்து இஷ்டப்பட்ட இடத்துல வச்சிக்கிடலாம்" என்று மாசானமுத்து விதியைச் சொன்னார். தனக்குப் பாதகமாக இருந்தாலும் விதி விதிதான் என்று சொல்லுகிற நேர்மை அவருக்கு இருந்தது.

சொரிமுத்து பந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவருக்கு இஷ்டப்பட்ட இடம் குற்றாலம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை திரும்பி வந்தவர், பந்தை நல்ல இடமாகப் பார்த்து வைத்துவிட்டதாகச் சொன்னார். மாசானமுத்துவுக்கு மனசு நிறைந்தது. நாலு பேரிலும் சொரிமுத்துதான் விதியை நுணுக்கமாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. சார் வருவதற்குள் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடலாம் என்று மாசானமுத்து கோலை எடுத்தார். வெள்ளைப் பந்து ஊரில் இல்லாததால் சிவப்புப் பந்தையே நேரடியாக அடித்தார். ஒற்றைக்காலில் நின்று அடித்த வேகத்தில் பந்து எகிறி, மேசையைத் தாண்டி, ஜன்னல் கட்டையில் மோதித் தரையில் விழுந்து உருண்டு நின்றது.

மேசையை விட்டு வெளியே குதித்த பந்து. நாலு பேரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றார்கள்.

வண்டிமலையான் குனிந்து பந்தில் காதை வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "போயிட்டு" என்றார்.

மாசானமுத்து கோலைக் கீழே போட்டார். எத்தனை வருஷம் உரக்கடையில் பூச்சிமருந்து விற்றவர், ஆனால் தன் கையால் ஓர் உயிரை எடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் சொந்த அணிப் பந்து. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

புதைப்பதா, எரிப்பதா என்று விவாதம் எழுந்தது. பந்துக்கு என்ன வழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. எரித்தால் மர வாசனை வரும், ஊரார் தப்பாக நினைப்பார்கள் என்றார் பலவேசம். ஜெயசிங் சார் செய்த பந்து, அவர் கிறிஸ்தவர், அதனால் புதைப்பதுதான் முறை என்றார் சொரிமுத்து. முறை என்ற சொல் வந்துவிட்டதால் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். சோப்புப் பெட்டியில் சாமந்திப்பூ பரப்பிப் பந்தைக் கிடத்தினார்கள். வாசலில் தப்பாட்டக் குழு வெறுமனே நின்றுகொண்டிருந்ததால் அவர்களையும் அடிக்கச் சொன்னார்கள்.

ஜெயசிங் சார் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தப்புச் சத்தம் காதில் விழுந்தது. தனக்குத்தான் வரவேற்பு என்று நினைத்துவிட்டார். இத்தனை வருஷம் பாடுபட்டதற்கு இந்தச் சின்ன ஊராவது மரியாதை செய்கிறதே என்று அவர் கண் லேசாகக் கலங்கியது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தலையைப் படிய வாரிக்கொண்டார். புன்னகையோடு மன்றத்து வளாகத்துக்குள் நுழைந்தார்.

அங்கே ஒரு சின்னக் குழியைச் சுற்றி நாலு ஆண்பிள்ளைகள் தலையில் துண்டோடு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு தவறிட்டாங்க?" என்று சார் மெதுவாகக் கேட்டார்.

"சிவப்பு" என்றார் மாசானமுத்து. தலைத்துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். "என் கையாலதான் சார்."

சார் சோப்புப் பெட்டியை எட்டிப் பார்த்தார். வெயிலில் வந்ததால் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே போய் மேசையைப் பார்த்தார்.

"வெள்ளைப் பந்து எங்க?"

"குத்தாலத்துல இருக்கு சார்" என்றார் சொரிமுத்து.

"அங்க என்ன பண்ணுது?"

"சும்மாதான் சார் இருக்கு. சீசன் இல்லை பாத்தீங்களா. எனக்குத் தண்ணியில கண்டம் இருக்கிறதால நான் அருவிக்குப் பக்கத்துல போகல. குளிக்கப் போன ஒரு ஆளுகிட்டக் குடுத்து வைக்கச் சொன்னேன். நல்ல மாதிரியான ஆளு."

ஜெயசிங் சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஒருத்தருக்காவது விதி தெரியுமா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தானே ஒரு வாரமாகப் படித்தார்கள். நாலு பேரும் வரிசையாக நின்று, இரண்டு தாரம், தண்ணியில் கண்டம், கடல் கடந்த பயணம், நாக்கால் கேடு என்று தடங்கலே இல்லாமல் ஒப்பித்தார்கள். மாசானமுத்து பெருமிதத்தோடு சாரின் முகத்தைப் பார்த்தார். வாத்தியார்களுக்கு நல்ல பையன்களைப் பார்த்தால் வருகிற சந்தோஷம் அதில் வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

"வாழ்நாள்ல எத்தனையோ மக்குப் பிள்ளைகளைப் பாத்திருக்கேன்" என்றார் சார். "அந்தப் பிள்ளைகளை மக்குன்னு சொன்னதுக்கு இன்னைக்கு ஒவ்வொரு வீடாப் போய் மன்னிப்புக் கேக்கணும் போல இருக்கு." அப்படியே எழுந்து, சாயங்காலம் வேப்பங்கரைக்காரர்கள் வந்து மேசையை எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். தப்பாட்டக் குழு பஸ் நிறுத்தம் வரைக்கும் அடித்துக்கொண்டே போய் அவரை வழியனுப்பி வைத்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மாசானமுத்துவுக்கு எங்கே தப்பு நடந்தது என்று விளங்கவேயில்லை. ஜோசியர் ஏதாவது பிசகிவிட்டாரோ என்றுகூட யோசித்தார். வீட்டுக்குப் போனால் அங்கே பேச்சி பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "தம்பி போன் பண்ணுச்சு. மேசை அவங்களுக்குத்தானாம். வாரவனை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா?" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி மன்றத்துக்கு வந்தார். அடுத்த பொங்கல் அவர் கண் முன்னால் நின்றது. பச்சைத் துணி பளபளக்கிற மேசை. அதன்மேல் சாய்ந்துகொண்டு உலகநாதன். "அத்தான், இதப் பாத்தீங்களா?"

கண்ணை மூடினார். நெற்றியைச் சுருக்கினார். இதுவரை வராத அளவுக்கு நீளமாக ஒரு "ம்" வந்தது.

"சார் என்ன சொன்னாரு? மேசையைக் குடுக்கச் சொன்னாரு. குழியைக் குடுக்கச் சொன்னாரா?"

மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லவில்லை. உண்மையாகவே சொல்லவில்லை.

"ஆட்டத்துக்குப் பேரே நாலுகுழி. குழி நம்மகிட்ட இருக்க வரைக்கும் அவன் எப்படி ஆடுவான்?"

வண்டிமலையானுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு தலைவர் கிடைத்ததற்கு ஊர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

ரம்பம் வந்தது. மேசையின் நாலு மூலைகளையும் குழியோடு சேர்த்து அறுத்து எடுத்தார்கள். ஜெயசிங் சார் இழைத்து இழைத்துச் செய்த மேசை, காது அறுபட்ட ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. அப்போது மாசானமுத்துவின் மனசாட்சி குறுக்கே வந்தது. மரம் வேப்பங்கரைக்காரர்களுக்குச் சேர வேண்டியது. அதில் ஒரு செதில்கூட நமக்கு வேண்டாம், நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்றார். ஆகவே உளியை வைத்துக் குழியைச் சுற்றியிருந்த மரத்தையெல்லாம் பக்குவமாகச் செதுக்கி எடுத்தார்கள். குழிக்குச் சேதம் வராமல் செதுக்குவது சாமானியமான வேலை இல்லை. பலவேசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். கடைசியில் மரமெல்லாம் போய்க் குழி மட்டும் மிஞ்சியது. நாலையும் ஓர் உரச்சாக்கில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார்கள்.

"கனமே இல்லையே அண்ணாச்சி" என்றார் பலவேசம், சாக்கைத் தூக்கிப் பார்த்து.

"நல்ல குழின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் மாசானமுத்து.

உலகநாதன் டிராக்டரில் வந்தான். மேசையைச் சுற்றி வந்து பார்த்தான். "மூலையெல்லாம் எங்க அத்தான்?" என்று கேட்டான்.

மாசானமுத்து செதில்களையும் துண்டுகளையும் ஒரு கோணியில் கட்டி வைத்திருந்தார். "இந்தா இருக்கு மாப்ள. ஒரு தூசிகூடக் குறையாது. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ" என்றார். உலகநாதனுக்கு வெகு திருப்தி. அத்தானின் நாணயத்தைப் பற்றி அக்காளிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மேசையை ஏற்றிக்கொண்டு போனான். வேப்பங்கரையிலும் தபாலாபீஸ் உண்டு, ரேஷன் கடை உண்டு, ஏடிஎம்கூட உண்டு.

குழிகளை மன்றத்தில் வைத்திருப்பது ஆபத்து. அவன் தேடிக்கொண்டு வருவான். ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில் இருந்த சொரிமுத்துவின் வைக்கோல் கொட்டகையில் மறைத்துவைப்பது என்று கிளம்பினார்கள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. மாறி மாறித் தோளில் சுமந்தார்கள். கொட்டகைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அடியில் கை நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

மாசானமுத்து தலையில் அடித்துக்கொண்டார். ஓட்டைச் சாக்கில் குழியைக் கொண்டுவந்தால் வழியெல்லாம் கொட்டாதா என்று பலவேசத்தைத் திட்டினார். வந்த பாதையிலேயே குனிந்து தேடிக்கொண்டு திரும்பினார்கள்.

முன்னால் போன வண்டிமலையான் திடீரென்று இடுப்பளவுக்கு மறைந்தார்.

"கெடச்சிட்டு அண்ணாச்சி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். நடுரோட்டில் அருமையான குழி. நாலடி தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் இரண்டு. வளைவைத் தாண்டிப் பார்த்தால் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ரோடு முழுவதும் குழி. சில குழிகளில் தண்ணீர்கூட இருந்தது.

"நம்ம குழி இவ்வளவு பெருசு இல்லையே" என்று சொரிமுத்து இழுத்தார். தண்ணீர் இருந்த குழியை விட்டு எட்டவே நின்றுகொண்டார். "நாலுக்கு மேலயும் இருக்கே."

"காத்துப் பட்டதும் பெருகியிருக்கு" என்றார் மாசானமுத்து. தன் வாழ்நாளில் இப்படி ஒரு விருத்தியை அவர் எந்தத் தொழிலிலும் கண்டதில்லை. குனிந்து ஒரு குழியின் விளிம்பைத் தடவிக்கொடுத்தார்.

எல்லாவற்றிலும் பெரியதை முதலில் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று மண்வெட்டி கொண்டுவந்து சுற்றிலும் வெட்டினார்கள். வெட்ட வெட்ட அது இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது. அவர்கள் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் அதே ரோட்டில் உலகநாதன் டிராக்டரில் திரும்பி வந்தான். அவன் முகம் வாடியிருந்தது. மேசையை இறக்கி வைத்துப் பந்தைப் போட்டால் மூலைக்கு வந்ததும் கீழே கொட்டுகிறது, தடுத்து வாங்கிக்கொள்ளக் குழியே இல்லை, அத்தான் மனசு வைக்க வேண்டும் என்று கெஞ்சினான். மாமனார் வீட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் மாசானமுத்துவிடம் கெஞ்சுவது இதுதான் முதல் தடவை. அவர் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷத்துப் பொங்கலையும் அந்த ஒரு நிமிஷத்தில் மன்னித்துவிட்டார்.

"சின்னதைக் குடுத்து ஒன்னைய அவமானப்படுத்த மாட்டேன் மாப்ள. இருக்கதிலேயே பெருசை எடுத்துக்கோ. வண்டியைப் பின்னால விடு, ஏத்தி விடுதோம்" என்றார்.

உலகநாதன் டிராக்டரைப் பின்னால் விட்டான். மற்ற மூன்று பேரும் கை காட்டினார்கள். வா, வா, இன்னும் வா என்றார்கள். டிராக்டர் பின்பக்கமாகச் சரிந்து, முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

உலகநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தான். "இப்ப என்ன அத்தான் செய்ய?"

மாசானமுத்து குழியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கண்ணை மூடினார்.

"நாம வண்டியில குழியை ஏத்த நெனச்சோம். இப்போ குழியில வண்டி ஏறிட்டு. எப்படியோ ரெண்டும் ஒண்ணாச் சேந்தாச்சுல்லா. இனி வேப்பங்கரைக்குக் குழியைத் தள்ளிக்கிட்டே போனா, வண்டியும் தன்னால வந்து சேந்துரும். டீசலும் மிச்சம்."

உலகநாதனுக்கு இது உடனே விளங்கியது. அவனும் கீழே இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினான். வேப்பங்கரை எந்தத் திசை என்று ஒருமுறை விசாரித்துச் சரிபார்த்துக்கொண்டார்கள். பிறகு ஐந்து பேருமாகக் குழியின் விளிம்பில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள்.

பின்னால் வந்து நின்ற டவுன்பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். மாசானமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். குழி இப்போதுதான் லேசாக நகரத் தொடங்கியிருக்கிறதாம்.